பனிமேரி வாயில் லீவியா

சவேரியார் திருநாள் முடிந்த மறுநாள் காலையில் சிப்பித்துறை பனிமேரி அடுப்பை ஊதிக்கொண்டே, உப்பு எங்கே இருக்கிறது என்று மாமியாரிடம் கேட்க வாயைத் திறந்தபோது, அவள் வாயிலிருந்து வேறொரு பொம்பளையின் குரல் வந்தது. கனத்த குரல், அடியில் புகை படிந்தது மாதிரி ஒரு கரகரப்பு, கேட்டால் நாற்பது வயசு மதிக்கலாம். "கி ஆ தாதோ தா பேரே அல் கவால்லோ" என்றது அது. மாமியார் இன்னாசியம்மா வாசலைப் பார்த்தாள், கொல்லைப்புறம் பார்த்தாள், யாரும் இல்லை என்றதும் மருமகளைப் பார்த்தாள். பிறகு, விடிஞ்சதும் அடுப்படியில் நிற்கிற ஒருத்தி வேறென்னத்தைக் கேட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தவளாக, "உப்பு மேல் தட்டுல இருக்கு, எட்டி எடு" என்றாள்.

பனிமேரி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். இயல்பிலேயே ஒன்று கேட்டால் அரை பதில் சொல்லுகிறவள், யாராவது எதிரே வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறவள் என்பதால், அவள் குரல் மாறிப்போன சேதி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரவே நாளாயிற்று. கிணற்றடியில் ஒருத்தி கேட்டுவிட்டு இன்னொருத்தியிடம் சொன்னாள், அவள் வந்து கேட்டுவிட்டு, பாட்டு மாதிரிதான் இருக்கு, பாஷைதான் வேற என்றாள். வைத்தியர் தொண்டையை அமுக்கிப் பார்த்து, உள்ளே சளி இல்லை என்றார். கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். ரெண்டிலும் குரல் போகவில்லை, ஊருக்கும் வேலை கிடந்தது, வலை காய்ந்துகொண்டிருந்தது, ஆகவே பனிமேரி இனிமேல் இப்படித்தான் பேசுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

அவள் வாயில் வந்தது மொத்தமே ஐந்தாறு பேச்சுதான். அவள் எதைச் சொல்ல நினைத்தாலும் அந்த ஐந்தாறில் ஒன்றுதான் வெளியே வரும், எது வரும் என்பது அவள் கையில் இல்லை. ஆனால் பசிக்கு ஒரு மாதிரியும் கோபத்துக்கு ஒரு மாதிரியும் வந்ததால் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். உப்போ தண்ணியோ புளியோ வேண்டுமென்றால் "கி ஆ தாதோ" வரும். மண்ணெண்ணெய்க் கடையில் போய் நின்று "நோன் ஸ்பெஞ்ஞெரே இல் லூமே" என்றால் கடைக்காரர் போத்தலை வாங்கிக்கொள்வார். நீளமாக, அழுகையும் சேர்ந்து ஒன்று வரும், அது வந்தால் அவளைத் தனியாக விட்டுவிட வேண்டும் என்று தெருவுக்குத் தெரியும். மாமியாரிடம் மட்டும் குட்டையாகவும் வெட்டாகவும் ஒன்று வரும். இன்னாசியம்மாவுக்கு அதில்தான் பெரிய குறை. அவ என்னமோ திட்டுதா, என்னன்னு தெரியாம நான் எப்படித் திருப்பித் திட்ட முடியும் என்று மீன் ஏலத்தில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் குரல் எப்படி வந்தது என்று பனிமேரிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. சொல்லத்தான் வாய் இல்லை.

அந்த வருசம் ஆனிக் காற்றுக்கு முந்தி, ஊருக்குப் பின்னால் இருக்கிற தேரிக்காட்டில், அந்தச் செம்மணல் மேடுகளுக்கு நடுவில், இத்தாலிக்காரர்கள் சினிமா எடுக்க வந்திருந்தார்கள். குதிரைக்காரர்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிற படம். அதற்கென்று மணலில் ஒரு தெருவையே நட்டார்கள். வீடுகளுக்கு முகம் மட்டும்தான் இருந்தது, முதுகு கிடையாது. குதிரைக்கு எங்கே போவது என்று அலைந்து கடைசியில் திருச்செந்தூர் ஜட்காக் குதிரைகளைப் பிடித்து வந்தார்கள். அவை கொள்ளைக்காரனைச் சுமந்துகொண்டு பாய்ந்து வருகிற வழியில், பழக்கத்துக்கு, நிழலைக் கண்ட இடத்திலெல்லாம் சவாரி இறங்கட்டும் என்று நின்றுவிடும். ஒத்தாவியோ என்கிற அந்த டைரக்டர், குட்டையான மனிதர், தலையில் ஈரத் துண்டு, வயிற்றுக்கு மேல் ஏறிய கால்சட்டை, ஒவ்வொரு குதிரையின் பின்னாலும் கத்திக்கொண்டே ஓடுவார். கேமரா ஓடும்போதும் கத்துவார். அவர்கள் நாட்டுப் படமெடுப்பு அப்படி. முதலில் படத்தை எடுத்துக்கொள்வார்கள். குரலை ஊருக்குத் திரும்பிப் போய் ஓர் இருட்டறையில் வேறு ஆட்களைப் பேசவைத்து ஒட்டிக்கொள்வார்கள். எடுக்கும்போது வாய் அசைந்தால் போதும்.

சிப்பித்துறை ஆம்பளைகளுக்குத் தொப்பி போட்டு நடக்கவிட்டார்கள், பெண்களைக் கும்பலுக்கு நிறுத்தினார்கள். பனிமேரி வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்து, இவள் அழுகிறாள், இப்படி அடக்கி அழுகிற ஒருத்தியைத்தான் தேடுகிறேன் என்று டைரக்டர் அவளைக் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சுடப்பட்டுச் செத்த கொள்ளைக்காரனின் பெண்டாட்டி வேசம். கட்டினவன் தோணியில் இருக்கும்போது தாலியறுத்த வேசமா என்று இன்னாசியம்மா சண்டைக்குப் போனாள். மதராஸிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்புக்காரர், செத்துக் கிடப்பவன் ஒரு வெள்ளைக்காரன், உங்க மகனுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எடுத்துச் சொன்னார். கடைசியில் தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு போகலாம் என்று முடிவானது.

என்ன பேசணும் என்று பனிமேரி முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

"என்ன வேணாலும் பேசும்மா. ஒருத்தரும் கேக்கப் போறதில்ல" என்றார் மதராஸ்காரர்.

மற்ற பெண்கள் மீன் பேர்களைச் சொன்னார்கள், அருள் நிறைந்த மரியே சொன்னார்கள், ஒருத்தி தன் நாத்தனாரை முறையாகத் திட்டித் தீர்த்தாள். பனிமேரியை அப்படி ஒருவரும் அதுவரைக்கும் விட்டதில்லை. என்ன வேணாலும் பேசு, யாரும் கேட்க மாட்டார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், பாஷை தெரியாதவர்கள், முன்னால் கண்ணாடிக் கண் வைத்த ஒரு பெட்டி. அவள் முந்தானையை இறக்கிவிட்டு, மனசுக்குள் மடித்து மடித்து வைத்திருந்ததையெல்லாம் அதனிடம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல டைரக்டர் கத்துவதை நிறுத்திவிட்டார். வாயசைவுக்கு அளவெடுக்க என்று ஓரமாக ஒரு சின்ன டேப் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வயிற்றில் பிள்ளை உண்டாகியிருக்கிற சேதியை அவள் முதல்முதலில் சொன்னது அந்தப் பெட்டியிடம்தான். பொட்டப்பிள்ளையாக இருந்தால் செவ்வந்தி என்று பேர் வைக்கவேண்டும் என்கிற ஆசையையும் அதனிடம்தான் சொன்னாள். மாதா கோயில் சப்பரத்தில் வருசத்துக்கு ஒருதரம் பார்க்கிற பூ, இந்த உப்புக் காற்றில் முளைக்காத பூ. புனிதர் பேரில்லாத பேரை வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நேரம் பார்த்து மெதுவாகக் கேட்கலாம் என்றிருந்தாள். அந்த நேரம் வருவதற்குள் வாயில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பொட்டப்பிள்ளைதான் பிறந்தது. ஞானஸ்நானத்தன்று என்ன பேர் என்று சாமியார் கேட்டபோது பனிமேரி பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, உயிரைக் கூட்டி, செவ்வந்தி என்று சொல்லப் பார்த்தாள். "நோன் ஸ்பெஞ்ஞெரே இல் லூமே" என்றது குரல். பேனா பிடித்துப் பழகாத கை, எழுதிக் காட்டவும் வழியில்லை. பிள்ளைக்கு இன்னாசியம்மாவின் தாயார் பேரை, கித்தேரி என்று, வைத்தார்கள். அன்றிலிருந்து பனிமேரிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். தன் மகளை, தான் வைத்த பேரைச் சொல்லி, தன் சொந்த வாயால் கூப்பிட வேண்டும்.

புருசன் மிக்கேல் கொழும்புத் தோணியில் போய்த் திரும்பி வந்தான். ஒருநாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் விளக்கு வைத்த பிறகு அவள் ஆசையாக அவன் காதுக்குள் ஏதோ சொல்ல, இருட்டுக்குள் தன்னைவிட மூத்த யாரோ ஒரு பெண் கரகரத்ததைக் கேட்டு எழுந்து போய் வாசலில் படுத்துக்கொண்டான். அடுத்த முறை தாமதமாக வந்தான், அதற்கடுத்த முறை கொச்சியில் வேலை என்று சொல்லியனுப்பினான், பிறகு சொல்லியனுப்புவதும் நின்றது. பனிமேரியை யாரும் குறை சொல்லவில்லை. வீட்டில் ஒரு அந்நியப் பொம்பளை இருக்கும்போது ஆம்பளை வெளியில் தங்குவது இயல்புதான் என்கிற மாதிரி ஊர் நடந்துகொண்டது.

கித்தேரி அந்தக் குரலில்தான் வளர்ந்தாள். அவளுக்கு அதுதான் அம்மா. அந்தக் கரகரப்பைக் கேட்டால்தான் தூங்குவாள். ஐந்தாறு பேச்சுக்குள் ஐநூறு பேச்சு இருப்பது அவளுக்குத் தெரியும். அம்மா இழுத்துச் சொன்னால் ஒன்று, முடிவில் மூச்சை விட்டால் ஒன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தால், உங்கம்மா பேசுறது மீன்காரிக்கும் புரியும், எங்கம்மா பேசுறது எனக்குத்தான் புரியும் என்பாள். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்து மடியில் விழும்போதெல்லாம் பனிமேரி குனிந்து அவள் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோய், அந்தப் பேரை, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லுவாள்.

கித்தேரிக்கு விவரம் தெரிந்த காலத்தில் குரலுக்கு ஒரு இருமல் வந்தது. பனிமேரிக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் குரல் இருமியது. அக்கம்பக்கத்தார் சுக்கும் திப்பிலியும் தட்டிக் கொடுத்தார்கள். குரலுக்குத்தான் சீக்கு, உனக்கில்ல, இருந்தாலும் குடி, ரெண்டு பேரும் ஒரு தொண்டையிலதான இருக்கீங்க என்றார்கள். இருமல் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து, ஒருநாள் சாயங்காலம் பட்டென்று நின்றது. அதற்குப் பிறகு குரலில் ஏதோ ஒரு ஆறுதல் வந்தது மாதிரி இருந்தது.

ரெமிஜியுஸ் சாமியார் பங்குக்கு மாற்றலாகி வந்தது அதற்கப்புறம்தான். ரோமாபுரியில் படித்தவர். முதல் வெள்ளிக்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் பனிமேரி வந்து முழந்தாளிட்டு, வலைக் கண் போட்ட சின்னச் சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, சுத்தமான இத்தாலிய பாஷையில், "அந்நியனே, உன் கையில் ரத்தம் இருக்கிறது" என்றாள். சாமியார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவளைக் கிணற்றடியிலும் கடையிலும் கேட்டு, ஊராருக்கு எல்லாவற்றையும் பெயர்த்துச் சொன்னார். இந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார். விளக்கை அணைக்காதே. மலை தாண்டிப் போனவர் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. மண்ணெண்ணெய்க் கடைக்காரருக்கு ரொம்பப் பெருமை, நான் அப்பவே சரியாத்தான் ஊத்தினேன் என்றார். கையில் ரத்தம் என்பது தனக்குச் சொன்னது என்று தெரிந்த இன்னாசியம்மா, இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை வருசம் பயந்தேன் என்றாள்.

இது தேரிக்காட்டில் எடுத்த படத்தின் வசனமாக இருக்கும் என்று ஊகித்த சாமியார், வேறு ஏதோ வேலையாக ரோமாபுரி போனபோது விசாரித்து விசாரித்து அந்த டைரக்டரைக் கண்டுபிடித்தார். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார் ஒத்தாவியோ. சாமியார் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. "அவளுக்கு இருமல் இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சிப்பித்துறைக்கு வந்து இறங்கியபோது தொப்பை வற்றி, கால்சட்டை தொளதொளத்து, கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணிப்பையும் மட்டும் வைத்திருந்தார். பனிமேரி வீட்டு முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அவரை அடையாளம் தெரியாமல் அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த மனுசனுக்குத் தண்ணி வேணுமா என்று கேட்க வாயைத் திறந்தாள். இந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார் என்றது குரல். கிழவர் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அது அவருடைய மனைவி லீவியாவின் குரல்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள், அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார், சாமியாருக்குக் கை ஒழிந்த நேரத்தில் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார், இல்லாத நேரத்தில் அவர் பாட்டுக்கு அவர் பாஷையில் சொல்லிக்கொண்டே போவார். அவர் ஒரு துறைமுக ஊரில் சவப்பெட்டி செய்கிற தச்சரின் மகன். சினிமா எடுக்கிற கொட்டகைக்குக் காகிதத் தூண் செய்யப் போனவர், தூணைத் தூக்கிப் பிடித்தவர், விளக்கைத் தூக்கிப் பிடித்தவர், பிறகு மற்றவர்களைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுகிறவராக ஆனார். ராஜாக்கள் படம் ஓடுகிறது என்று ராஜா படம் எடுத்தார், அது முடிவதற்குள் ஜனங்கள் குதிரைக்காரனைப் பார்க்கப் போய்விட்டார்கள். குதிரைக்காரனை எடுத்தார், ஜனங்கள் உளவாளியிடம் போய்விட்டார்கள். உளவாளியை எடுத்தார், பேயிடம் போய்விட்டார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் கடை விரிப்பதே அவர் பிழைப்பாயிற்று. இவரை நம்பிப் பணம் போட ஆள் இல்லை என்றானபோது, தயாரிப்பாளரும் நானே என்று பேரைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குள் ரெண்டு பேர் இருந்தார்கள், இன்னொரு நாள் வெயிலுக்குக் காத்திருப்போம் என்று ஒருவர் கெஞ்சுவார், நிழலிலேயே எடுத்து முடி என்று இன்னொருவர் விரட்டுவார், ஆயுசு முழுக்க ரெண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

லீவியா ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள். அந்தக் குரலுக்காகத்தான் அவர் அவளைக் கட்டினார். குரல் கொடுக்கிறவர்களுக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க முடியாது என்று எல்லாப் பெண்களுக்கும் அவளையே பேசவைத்தார். ராணியும் அவள், ராணியின் காலைக் கழுவுகிறவளும் அவள். பேயும் அவள்தான், பேயைக் கண்டு அலறுகிறவளும் அவள்தான். ஒரு படத்தில் மாமியாரும் மருமகளும் விடிய விடியச் சண்டை போடுவார்கள், ரெண்டும் லீவியா. திரையில் அவள் முகம் ஒருநாளும் வந்ததில்லை, பேரும் வந்ததில்லை. அவர் அழகான பெண்களின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு மனைவியின் குரலைக் கேட்டே பழகிவிட்டார், அவள் வீட்டுக்குள் நடந்தால் நிமிர்ந்து பார்க்க மறந்துவிட்டார். நலிந்த காலத்தில் படச்சுருள்களை, அதிலிருக்கிற வெள்ளியைக் கழுவி எடுக்கிறவர்களுக்கு எடைக்குப் போட்டார், ஒன்றுவிடாமல் போட்டார். பிறகு லீவியா இருமி இருமிச் செத்தாள். செத்த வீட்டில் அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோதுதான், அவள் குரல் இனி எங்கேயும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஊரூராகத் தேடினார். ஒரு மலைக்கிராமத்தில் கோயிலை ஒட்டிய சினிமாக் கொட்டகையில் மறந்துபோய்க் கிடந்த ஒரே ஒரு பிரதி கிடைத்தது. தேரிக்காட்டில் எடுத்த படம். செத்த கொள்ளைக்காரனின் பெண்டாட்டிக்கு லீவியா பேசிய அந்த ஐந்தாறு வரி.

அதைத்தான் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கூடவே, தூக்கியெறிய மறந்த ஒரு சின்ன டேப்பும் இருந்தது. பனிமேரி அன்றைக்குப் பேசியது அப்படியே அதில் இருந்தது.

சாமியார் இதை முற்றத்தில் நின்று சொன்னபோது பனிமேரியின் கையிலிருந்த மீன் அரிவாள்மணையில் பாதியில் நின்றது. படத்தை ஓடவிட்டு, லீவியாவின் சத்தத்தை அடைத்துவிட்டு, உன் சத்தத்தை அதில் சேர்த்தால் உன் குரல் உனக்கு வந்துவிடும் என்கிறார் இவர், படத்தில் ஒட்டியது எதுவோ அதுதானே வாயில் ஒட்டியிருக்கிறது என்றார் சாமியார். அப்புறம் தயங்கி, "ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோம்மா. அன்னைக்கு நீ என்ன பேசுனியோ, அதை இனி ஊர் முழுக்கக் கேக்கும்" என்றார்.

பனிமேரிக்குத் தான் பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. பாதியில் நின்ற மீனை அறுத்து முடித்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

ஒத்தாவியோ, நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். வெயில் சரியில்லை என்றார், சாமியார் வாடகைக்குக் கொண்டுவந்த படம் காட்டுகிற கருவியில் ஒரு திருகு கழன்றுவிட்டது என்றார். படம் ஓடி முடிந்தால் லீவியா போய்விடுவாள், இந்தத் தடவை இருமல்கூட இல்லாமல் போய்விடுவாள். அவர் வேண்டுமென்றே செம்பைக் காலி செய்து வைத்துவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார், குதிரைக்குத் தண்ணீர் கேட்கிற குரலைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கித்தேரிக்கு அவரைப் பிடித்துவிட்டது. அம்மாவின் பேச்சை ஆசையோடு கேட்கிற இன்னொரு ஆளை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் பனிமேரி வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு வெட்கக்காரி, யாரிடமும் ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாதவள், தன்னிடம் இருக்கிற ஒரே பொருளைப் பூட்டிவைத்தாள். தண்ணி வேண்டுமென்றால் கையால் காட்டினாள். மாமியார் வம்புக்கிழுத்தாலும் வாயைத் திறக்கவில்லை. கிழவர் மீன்பெட்டியில் உட்கார்ந்து கெஞ்சினார், பழைய படங்களின் கதையைச் சொல்லி இடையில் நிறுத்தி அவள் பதிலுக்குக் காத்திருந்தார், குழந்தை மாதிரி கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். கித்தேரியும் மடியில் விழுந்து, ஒன்னே ஒன்னு சொல்லும்மா, விளக்கு வார்த்தையையாவது சொல்லு என்று அழுதாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. பனிமேரி அவள் முதுகைத் தடவிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் ஒன் பேரச் சொல்லியே கூப்பிடுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பௌர்ணமி வந்து தேய்ந்தது. ஒரு காலையில் ஒத்தாவியோ வந்து, உட்காராமல் நின்றபடியே, பெரிய வெள்ளைத் துணி கிடைக்குமா என்று கேட்டார்.

உப்பு சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் மத்தியானம் படம் காட்டினார்கள். சன்னல்களைத் தார்ப்பாயால் அடைத்து, உப்புக் குவியலை ஓரம் தள்ளி, தோணிப் பாயைச் சுவரில் கட்டினார்கள். ஊர் முழுக்க மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. தொப்பி போட்ட தங்களையே பார்த்து, பிறகு செத்துப்போனவர்கள் இளவட்டமாக நடந்து போவதைப் பார்த்து, ஜட்காக் குதிரைகள் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் பாய் முழுக்கப் பனிமேரியின் முகம் வந்தது. முந்தானை இறங்கியது. கிழவர் படத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு டேப்பை ஓடவிட்டார். வாயும் சத்தமும் சேராமல் முன்னே பின்னே போனது. அவர் ஓடுகிற டேப் சக்கரத்தின் ஓரத்தில் விரலை வைத்து, அமுக்கி, விட்டு, அமுக்கி, ரெண்டையும் சேர்த்தார். சேர்ந்துகொண்டது. சின்னப் பெண்ணின் குரல் ஒன்று உப்புக்கு நடுவில் பேசியது.

"ஒருத்தர்ட்டயும் சொல்லல, ஒங்கிட்டதான் சொல்லுதேன். எனக்குத் தலைக்குளியல் நின்னு போச்சு. அவுக தோணியில இருக்காக. அந்த வீட்டுல நான் பேசுனா சுவருதான் கேக்குது. மாமி நல்லவுகதான், ஆனா என்னைப் பேரு சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. எனக்குப் பயமா இருக்கு. பொட்டப்பிள்ளை பொறந்தா செவ்வந்தின்னு வைக்கணும். பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். காரியமே இல்லாட்டாலும் கூப்பிடுவேன்."

யாரும் திரும்பிப் பனிமேரியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் கஷ்டப்பட்டது தெரிந்தது. இன்னாசியம்மா மூட்டையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா என்று தனக்குத்தானே சொன்னாள்.

தார்ப்பாயை விலக்கி வெளிச்சம் வந்ததும், "தண்ணி" என்றாள் பனிமேரி. அவள் குரல்தான். டேப்பில் இருந்தபடியே, வயசாகாத, மெல்லிசான, பத்தொன்பது வயசுக் குரல். செம்பை யாரோ நீட்டினார்கள். ஒத்தாவியோ அதைக் கேட்டார். தகரப் பெட்டியை மூடினார், மூடியின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார், பிறகு ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெயிலில் இறங்கி பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

கித்தேரி அவர் பின்னால் பஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, கிணற்றடிக் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பனிமேரி வாசலில் நின்று, முந்தானையை வாயிலிருந்து எடுத்து, கூப்பிட்டாள்.

"செவ்வந்தி."

பிள்ளை திரும்பவில்லை. வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள். பனிமேரி இன்னொரு தரம் கூப்பிட்டாள். ஒரு கோழிதான் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு, "கித்தேரி" என்றாள்.

கித்தேரி திரும்பினாள். வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தாள், அவளைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தாள். "உள்ள யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"நாந்தாம்ளா. நாந்தான் கூப்பிட்டேன்."

பிள்ளை எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கையைத் தூக்கி, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, அம்மாவின் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். பனிமேரி பேசினாள். வருசக்கணக்காகச் சேர்ந்து கிடந்தது, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், பசிக்குதா என்றாள், வெயில்ல உக்காராத என்றாள், ஒனக்கு நான் வச்ச பேரு இது, பூப் பேரு என்றாள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும், விருந்தாளி கேட்டால் சொல்லுகிற மாதிரி, மரியாதையாக ம் என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அவள் கண் நிரம்பியது. யாருக்காக என்று பனிமேரிக்குத் தெரிந்தது.

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம இரேன்மா" என்றாள் கித்தேரி, கண்ணை மூடிக்கொண்டு.

பனிமேரி வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையின் மூச்சு மெதுவாக நிதானத்துக்கு வந்தது. மணலில் பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது, அது தேய்ந்து முடிகிறவரைக்கும் அவள் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தாள், வாய்க்குள் அத்தனை பேச்சும் நிற்க.